உறைபனி ஊரில் புதினாவும் தைமும்

மைனஸ் 30 டிகிரி வரை இறங்குகிற இடத்தில் சமையல் மூலிகை வளருமா என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, குளிரைவிட ஈரத்துக்குப் பயப்படுங்கள் என்பதுதான்.

முதல் வருடம் தைமைக் களிமண் பாத்தியில் நட்டேன். பனி உருகியதும் போய்ப் பார்த்தால், செடி மண்ணைவிட்டு இரண்டு விரல் உயரம் மேலே வந்து நின்றது. பாதி வேர் வெளியே தெரிந்தது. நுனியைக் கிள்ளினேன், கறுத்து, கொழகொழவென்று கையோடு வந்துவிட்டது. மண்ணில் தேங்கிய தண்ணீர் உறையும்போது விரிந்து வேரை மேலே தள்ளுகிறது. பகலில் உருகி இரவில் உறைந்து, இதே வேலை திரும்பத் திரும்ப நடக்கிறது. அதனால் இப்போது தைம், ஆரிகனோ, சேஜ் மூன்றுக்கும் ஒரு சாண் உயரத்துக்கு மேடு கட்டி, பொடிக்கல் கலந்த மண்ணில்தான் நடுகிறேன்.

மூடாக்கு போடவும் நேரம் இருக்கிறது. தரை நன்றாக இறுகி உறைந்த பிறகுதான் காய்ந்த இலையோ வைக்கோலோ போட வேண்டும். நோக்கம் செடியைச் சூடாக வைப்பதல்ல, உறைந்த மண்ணை உறைந்தபடியே வைத்திருப்பது. அதன்மேல் பனி விழுந்தால் ரொம்ப நல்லது, அதைவிடச் சிறந்த போர்வை கிடையாது. பாதையில் வழித்த பனியைப் பாத்தியில் தள்ளலாம். உப்பு தூவிய பனி மட்டும் வேண்டவே வேண்டாம். தைம், சேஜ் தண்டுகளை இலையுதிர்காலத்தில் வெட்டாதீர்கள். அவைதான் பனியைப் பிடித்து நிறுத்தும். வசந்தத்தில் புதுத் துளிர் தெரிந்த பிறகு காய்ந்ததை மட்டும் வெட்டினால் போதும்.

வெங்காயத்தாள் போன்ற சைவ்ஸுக்கும் புதினாவுக்கும் இந்தக் கவலை அதிகம் இல்லை. தரையில் நட்டால் மேலே எல்லாம் கருகினாலும் வேர் தாங்கும். ஆனால் தொட்டியில் அப்படியே வெளியே விட்டால் கதை வேறு. நாலு பக்கமும் குளிர் ஏறி, தரையில் பிழைக்கிற செடிகூடத் தொட்டியில் செத்துப்போகும். தொட்டியையே மண்ணில் விளிம்பு வரை புதைத்துவிடுங்கள்.

துளசி இனத்தைச் சேர்ந்த பேசில் வேறு ரகம். 10 டிகிரிக்குக் கீழே போனாலே இலை கறுக்க ஆரம்பிக்கும். கடைசி உறைபனி வரும் நாளுக்கு ஆறு வாரம் முன்பு வீட்டுக்குள் விதைத்து, வெளியே வைப்பதற்கு முன் ஒரு வாரம் தினமும் சில மணி நேரம் மட்டும் வெளிக்காற்றுக்குப் பழக்குவேன். இரவுக் குளிர் தணியும்வரை அதை வெளியே நடவே மாட்டேன், எத்தனை ஆசையாக இருந்தாலும்.

கொத்தமல்லிக்குக் குளிர்ந்த வானிலை பிடிக்கும். ஆனால் கோடையின் நீண்ட பகல் வந்தால் சீக்கிரம் பூத்துவிடும். ஒரே தடவையில் எல்லா விதையையும் போடாமல், இரண்டு வாரத்துக்கு ஒரு வரிசை போடுங்கள். தனியாவை லேசாக உடைத்துப் போட்டால் ஒவ்வொன்றிலும் இரண்டு விதை இருப்பது தெரியும்.

ரோஸ்மேரியை உறைபனிக்கு முன் உள்ளே கொண்டுவந்துவிடுவேன். வெளிச்சமான, சற்றுக் குளிர்ச்சியான ஜன்னலோரம் அதற்குப் போதும். ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் காய்ந்துவிடும். மேல்மண் உலர்ந்ததா என்று விரலை விட்டுப் பார்த்து, அப்புறம் தண்ணீர் ஊற்றுங்கள். குளிர்காலப் பகல் மிகக் குறுகியதாக இருந்தால் செடிக்கு மேலே எல்இடி விளக்கு ஒன்றைத் தினமும் 14 மணி நேரம் எரியவிடுங்கள்.