ஒன்று பெரிய தீயில், இரண்டு சிம்மில்: வேலைக்குப் போகிறவர்கள் இசை, ஓட்டம், குறள் மூன்றையும் பழகும் முறை

நாற்பத்தொன்றாவது வயதில், ஒரே வாரத்தில், வயலின் வகுப்பில் சேர்ந்தேன், காலை ஓட்டத்தைத் தொடங்கினேன், திருக்குறள் முழுவதையும் மனப்பாடம் செய்வதாக எனக்கு நானே சவாலும் விட்டுக்கொண்டேன். மூன்றாம் வாரத்தில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கத் தொடங்கியது. வயலின் பெட்டி பீரோவின் மேல் ஏறிவிட்டது. குறள் ‘வான் சிறப்பு’ அதிகாரத்தைத் தாண்டவில்லை. நேரம் இல்லை என்றுதான் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். உண்மையில் மூன்றிலும் ஒரே சமயத்தில் முன்னேற நினைத்ததே என் பிழை. மூன்று பர்னர் அடுப்பில் சமைக்கிற எவரும் மூன்றையும் பெரிய தீயில் வைத்துவிட்டுக் கிண்டிக்கொண்டிருப்பதில்லை. கவனம் கேட்பதைப் பெரிய தீயில் வைத்து, மற்ற இரண்டையும் சிம்மில் வைப்பார்கள். கீழே உள்ள முறை அதுதான்.

படி 1: ஒவ்வொன்றின் அளவையும் எண்ணாக எழுதுங்கள்

‘இசை கற்க வேண்டும்’, ‘உடம்பைக் கவனிக்க வேண்டும்’ என்று எழுதினால் கணக்குப் போட முடியாது. குறளை எடுத்துக்கொள்ளுங்கள். 133 அதிகாரம், 1330 குறள். வார நாட்களில் தினம் இரண்டு குறள், சனி ஞாயிறு திருப்புதல் என்று வைத்தால், வாரத்துக்கு ஓர் அதிகாரமாக 133 வாரம், அதாவது இரண்டரை ஆண்டுக்குச் சற்று மேல் ஆகும். ஆறு மாதத்தில் முடிப்பேன் என்று நான் முதலில் போட்ட திட்டம் எவ்வளவு அபத்தம் என்பது இந்த ஒரு வகுத்தலில் தெரிந்துவிட்டது.

படி 2: அடுத்த இரண்டு மூன்று மாதத்துக்குப் பெரிய தீ எதற்கு என்று முடிவு செய்யுங்கள்

இதைப் பருவத்தைப் பார்த்து முடிவு செய்வது நல்லது. சென்னையில் ஏப்ரல், மே மாதங்களில் காலை ஆறரைக்கே வெயில் உறைக்கிறது. அக்டோபர், நவம்பரில் மழை நீர் பள்ளங்களை மறைத்துவிடுகிறது. அந்த மாதங்களை வயலினுக்குக் கொடுத்துவிட்டு, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஓட்டத்தைப் பெரிய தீயில் வைக்கிறேன். மார்கழிக் கச்சேரிகளும் அதே சமயத்தில்தான் வருகின்றன என்றாலும், கேட்பதற்குக் கால்வலி தடையில்லை.

படி 3: மற்ற இரண்டுக்கும் சிம் அளவு வையுங்கள்

மிக மோசமான நாளிலும் செய்ய முடிகிற அளவுதான் சிம் அளவு. வயலினுக்கு எனக்குப் பத்து நிமிடம்: ஸ்ருதி சேர்த்து, மாயாமாளவகௌளை ராகத்தில் ஒரே ஒரு சரளி வரிசையை (தொடக்கப் பாடமான ஸ்வரப் பயிற்சியை) மூன்று வேகத்திலும் ஒரு முறை வாசித்தால் அன்றைய கடமை முடிந்தது. இரவில் வாசிப்பவர்கள் தந்திகளைத் தாங்கும் குதிரையின் (பிரிட்ஜின்) மேல், ஒலியைக் குறைக்கும் ரப்பர் மியூட் ஒன்றை மாட்டிக்கொண்டால் பக்கத்து வீட்டாருடன் உறவு கெடாது. ஓட்டம் சிம்மில் இருக்கும்போது அரை மணி வேக நடை, வாரத்தில் ஐந்து நாள் போதும். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்த, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பின் கீழ் எல்லையை அது தொட்டுவிடும். தசைகளுக்கான பயிற்சி வாரத்துக்கு இரண்டு நாளாவது வேண்டும் என்றும் அந்தப் பரிந்துரை சொல்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதிலிருந்தே அதைத் தொடங்கலாம். குறளை அந்த நடையிலேயே சொல்லிப் பார்த்துக்கொள்வதால் அதற்குத் தனி நேரம் தேவைப்படுவதில்லை.

படி 4: ஓட்டத்தின் முறை வரும்போது நடையிலிருந்து தொடங்குங்கள்

சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின் இறங்குங்கள். 1996-இல் ஜோஷ் கிளார்க் என்பவர் புதியவர்களுக்காக வகுத்த ஒன்பது வாரத் திட்டம் இன்றும் பரவலாகப் புழங்குகிறது. வாரத்தில் மூன்று நாள் மட்டுமே ஓட்டம். முதல் வாரம் ஐந்து நிமிடம் வேகமாக நடந்துவிட்டு, 60 விநாடி மெதுவாக ஓடி 90 விநாடி நடப்பதை மாறி மாறி 20 நிமிடம் செய்ய வேண்டும். கடைசி வாரத்தில் நடையே இல்லாமல் அரை மணி அல்லது 5 கிலோமீட்டர் ஓட வேண்டும். முதல் வாரம் கேலியாகத் தோன்றும் அளவுக்கு எளிதாக இருக்கும். மூச்சுக்கு ஒரு வாரத்தில் வருகிற தெம்பு எலும்புக்கும் தசைநாருக்கும் அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை என்பதால், அங்கேதான் நம்மில் பலர் அவசரப்பட்டு முன்னெலும்பு வலியில் மாட்டிக்கொள்கிறோம். ஓடும்போது முழு வாக்கியம் ஒன்றைப் பேச முடிய வேண்டும். எனக்கு அதற்கும் குறள் உதவுகிறது. ஏழு சீரையும் ஒரே மூச்சில் சொல்ல முடியாவிட்டால் வேகத்தைக் குறைத்துவிடுவேன்.

படி 5: ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

கால அட்டவணையில் இது தெரியாது, உடம்பில்தான் தெரியும். கர்நாடக வயலினைச் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு முனையை மார்பிலும் மறுமுனையை வலது கணுக்காலிலும் தாங்க வைத்து வாசிக்கிறோம். காலையில் ஓடிய அன்று மாலை அப்படி உட்கார்ந்தால் தொடையின் பின்புறம் இழுக்கும். வலது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, மேல் ஸ்தாயியை நெருங்கும்போது வில் நடுங்கும். விரல் பயிற்சி போதவில்லை என்று மாதக்கணக்கில் நினைத்திருந்தேன். இப்போது ஓட்ட நாட்களில் சிம் அளவு மட்டும், அதுவும் கெண்டைக்காலை நீட்டித் தளர்த்தியபின் வாசிக்கிறேன். நீண்ட நேர வயலின் பயிற்சி ஓட்டமில்லாத ஓய்வு நாட்களுக்குப் போய்விட்டது. உங்களுக்கு ஓவியமும் நீச்சலும் என்றால் தோள்பட்டையிடம் கேட்டுப் பாருங்கள்.

படி 6: விட்டுப்போன நாளை ஈடுகட்டாதீர்கள்

21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்பதை நம்பி, 22-ஆம் நாள் மனம் உடைபவர்கள் ஏராளம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரைப் பின்தொடர்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலையை எட்ட நடுமதிப்பாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை. எனவே நேற்றைய குறள் இரண்டையும் சேர்த்து இன்று நான்கு படிக்க வேண்டாம். ஓட்டத்தில் ஒரு வாரம் இடைவெளி விழுந்தால், திட்டத்தில் ஒரு வாரம் பின்னால் போய்த் தொடங்குங்கள். வயலினை எப்போது மூடி வைத்தாலும் வில்லின் மயிரைத் தளர்த்திவிடுங்கள்; பெட்டியை மட்டும் பீரோ மேல் ஏற்றாமல், கை எட்டும் உயரத்தில் வையுங்கள்.