வெள்ளி அடைப்பா, வெள்ளை அடைப்பா?

சொத்தையைக் குடைந்து எடுத்துவிட்டு "எதை வைத்து அடைக்கலாம்?" என்று டாக்டர் கேட்கும் நேரத்தில் பாதி வாய் மரத்துப்போயிருக்கும், மூளையும் ஓடாது. அதனால் நாற்காலியில் சாய்வதற்கு முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது.

முதலில், எந்தப் பல் என்று பாருங்கள். சிரித்தால் தெரிகிற முன்பல் என்றால் யோசனையே வேண்டாம், காம்போசிட் என்கிற பல் நிற வெள்ளை அடைப்புதான். கடைவாய்ப்பல்லில்தான் கேள்வி வருகிறது.

அடுத்து, குழி எவ்வளவு ஆழம், அந்த இடத்தை ஈரமில்லாமல் வைத்திருக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். எல்லாரும் நிறத்தைப் பற்றியே பேசுகிறோம். என்னைக் கேட்டால் ஈரம்தான் பெரிய விஷயம். காம்போசிட் என்பது பிசினும் நுண்ணிய கண்ணாடித் தூளும் கலந்த பசை. அதைச் சுமார் 2 மில்லிமீட்டர் கனத்துக்குப் படலம் படலமாக வைத்து, ஒவ்வொன்றையும் நீல ஒளி காட்டி இறுக வைப்பார்கள். இடையில் எச்சிலோ ஈறிலிருந்து கசியும் ரத்தமோ பட்டுவிட்டால் ஒட்டு சரியாகப் பிடிக்காது. ஓரத்தில் மயிரிழை அளவு இடைவெளி விழுந்தால் போதும், அதற்குள்ளேயே மறுபடி சொத்தை கிளம்பிவிடும். ஈறுக்குக் கீழே இறங்கிய குழியில் இந்தத் தொல்லை அதிகம். அமால்கம் என்கிற வெள்ளி அடைப்பு கொஞ்சம் ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும், உழைக்கவும் செய்யும். ஆனால் அது பல்லோடு ஒட்டாது. பிடிமானத்துக்காக நல்ல பல்லையும் சற்றுக் கூடுதலாகக் குடைய வேண்டியிருக்கும்.

அப்புறம் பாதரசம். அமால்கத்தின் எடையில் ஏறக்குறைய பாதி அதுதான். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் முடிந்தவரை தவிர்க்கட்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020-இல் சொன்னது. நீங்கள் இதில் வந்தால் காம்போசிட் கேளுங்கள். அதற்காக, நன்றாக இருக்கும் பழைய வெள்ளி அடைப்பைத் தோண்டி எடுக்கச் சொல்லாதீர்கள். தோண்டும்போதுதான் பாதரச ஆவி அதிகம் வெளிவரும், நல்ல பல்லும் கொஞ்சம் போகும்.

கடைசி வேலை, உயரம் பார்ப்பது. மெல்லிய வண்ணத் தாளைப் பல்லிடையில் வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். மை அழுத்தமாகப் பதிந்த இடத்தைச் சீவிவிடுவார்கள். மரத்த வாயால் சரியாகக் கடித்தோமா என்று நமக்கே தெரியாது. மரப்பு விட்ட பிறகு அந்தப் பல் மட்டும் முதலில் இடித்தால், பழகிவிடும் என்று விட்டுவிடாமல் திரும்பப் போய்க் காட்டுங்கள். காம்போசிட் அங்கேயே இறுகிவிடும். அமால்கம் என்றால் 24 மணி நேரம் அந்தப் பக்கம் கடினமானதைக் கடிக்க வேண்டாம்.