பனிக்கு முன் புல் வெட்டும் மெஷின்

கனடாவில் அக்டோபர் கடைசியில் புல் வளர்வது ஏறக்குறைய நின்றுவிடும். மெஷினை அப்படியே கராஜுக்குள் தள்ளிவிட்டால், ஏப்ரலில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை வலிப்பதுதான் மிச்சம். டேங்கில் நின்ற பெட்ரோல் சில மாதங்களில் கெட்டு, கார்புரேட்டரின் ஊசித்துளையில் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். வெளியில் வைத்து, பெட்ரோல் தீர்ந்து தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் கலந்தும் வைக்கலாம்; எனக்கு என்னவோ காலி டேங்கில்தான் நம்பிக்கை. சூடு ஆறுமுன் ஆயிலை மாற்றிவிடுங்கள். அப்புறம் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, ஏர் ஃபில்டர் மேல்பக்கம் இருக்கும்படி சாய்த்து, அடியில் அப்பிக் காய்ந்த புல்லைச் சுரண்டுங்கள். வயரைக் கழற்றாமல் பிளேடு பக்கம் கையே போகக்கூடாது. பேட்டரி மெஷினா? சரி, பேட்டரியை மட்டும் வீட்டுக்குள் எடுத்து வையுங்கள்.