மூட்டம் போட்ட காலையும் உடல் கடிகாரமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

படுக்கையில் போன் பார்க்கக் கூடாது என்பது ஊருக்கே தெரியும், அதை விடுவோம். இலங்கை மலையகத்தில், நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன் பக்கம் காலை வெளிச்சத்தால் தூக்க நேரத்தைச் சரிப்படுத்தத் தொடங்குகிறவர்கள் சறுக்கும் இடங்கள் வேறு.

"மூட்டமாயிருக்கு, வெளிச்சமே இல்ல"

எத்தனை தடவை சொன்னாலும் மாறாத தவறு இது. ஜூனில் மழை இறங்கியதும் கதவைச் சாத்தி, காம்பிராவுக்குள் பல்பைப் போட்டுக்கொள்வார்கள். உள்ளே பளிச்சென்று தெரியும். கண் இருக்கிற வெளிச்சத்துக்குப் பழகிக்கொள்வதால் வரும் ஏமாற்று அது. 9 வாட் எல்.ஈ.டி. பல்ப் எரியும் அறையில் கண்ணுக்கு 100 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) கிடைத்தாலே பெரிது. முகில் மூடிய பகலிலும் வெளியே ஆயிரக்கணக்கில் கிடைக்கும்.

விழித்திரையில் மெலனொப்சின் என்ற ஒளியுணரும் புரதம் உள்ள கலங்கள் 480 நானோமீற்றர் அலைநீளமளவான நீல ஒளிக்குத்தான் அதிகம் தூண்டப்படும். தூங்கும், எழும்பும் நேரத்தை நடத்தும், மூளையிலுள்ள கடிகாரத்துக்குச் செய்தி அனுப்புவது அவைதான். அந்தக் கடிகாரம் பெரும்பாலானோருக்கு 24 மணித்தியாலத்தைவிடச் சில நிமிடம் நீளம். காலை வெளிச்சம் இழுத்துப் பிடிக்காவிட்டால் நாளுக்கு நாள் பிந்தும். பிறகு "ராத்திரி தூக்கமே வருதில்ல" என்று குளிசை கேட்டு அலைவார்கள்!

எழும்பிய ஒரு மணித்தியாலத்துக்குள், மூட்டமென்றால் அரை மணித்தியாலம், இஸ்தோப்பு (வாசல் திண்ணை) விளிம்பில் உட்காருங்கள். தேத்தண்ணியை அங்கேயே குடிக்கலாம். லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) பின்னால் மண்மேடு இருந்தால் அந்தப் பக்கம் பிரயோசனமில்லை. பள்ளத்தாக்குப் பக்கம், வானம் தெரிய முகத்தை வையுங்கள். சூரியனை நேரே பார்க்க வேண்டாம். கறுப்புக் குடைக்குள் நின்றால் பாதி வானம் போய்விடும்.

முதுகில் வெயில் காய்வது

விட்டமின் டீக்குச் சரி. கடிகாரத்துக்குக் கண் வழியேதான் போக வேண்டும்.

விடியற்காலை 3 மணிக்கு ட்யூப் லைட்

ஏ/எல் (உயர்தரப் பரீட்சை) நெருங்கியதும் படிக்கவென்று நடப்பது. வழக்கமாக 7 மணிக்கு எழும்பும் பிள்ளைக்கு 3 மணி இன்னும் நடு இரவு. அப்போது படும் பலத்த வெளிச்சம் கடிகாரத்தை முன்னே தள்ளாது, பின்னே தள்ளும். எழும்பும் நேரத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் மணித்தியாலம் முன்னே கொண்டுவாருங்கள். விடிந்ததும் வெளியே வரட்டும்.

ஞாயிறு பதினொரு மணிவரைத் தூக்கம்

காலை வெளிச்சம் தவறிக் கடிகாரம் பிந்தும்; திங்கள் பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கூடுவதற்கு) உதவாது.

இரவு வேலை முடிந்து வெளிச்சத்தில் நடப்பது

பெக்டரியில் வாரக்கணக்கில் இரவு வேலை என்றால், மேலே சொன்னதைத் தலைகீழாக்குங்கள். காலையில் தொப்பி, கறுப்புக் கண்ணாடி; ஜன்னலில் தடித்த துணி. மோட்டார் சைக்கிளில் போகிறவர் மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள்: தூக்கக் கலக்கமும் பனியும் சேர்ந்தால் வளைவு தெரியாது.