ரயில் வந்து நிற்கும்போது: 'புல் இன்' பயன்படுத்துவது எப்படி?

ரயில் வந்ததை ஆங்கிலத்தில் சொல்ல நம்மில் பலருக்குக் கைவசம் இருப்பது 'அரைவ்' ஒன்றுதான். தவறில்லை, ஆனால் அது வெறும் தகவல். ரயில் வேகம் குறைந்து, பிளாட்பாரத்தை ஒட்டி ஊர்ந்து, மெல்லக் குலுங்கி நிற்கிறதே, அந்தக் காட்சியைக் கண்முன் கொண்டுவருவது 'புல் இன்'. தமிழில் 'வந்து நின்றது' என்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான்.

படி 1: 'புல்' என்றால் இழுப்பது என்பதைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். இங்கே இரண்டு சொல்லும் சேர்ந்து ஒரே வினை. எதை என்ற கேள்விக்கே இடமில்லை. 'தி ட்ரெயின் புல்ட் இன்.' அவ்வளவுதான், வாக்கியம் முடிந்தது. பேசும்போது அழுத்தம் 'இன்' மேல் விழட்டும்.

படி 2: வந்து நின்ற இடத்தையும் சொல்ல வேண்டுமா? 'இன்' போய் 'இன்டு' வரும்: 'தி ட்ரெயின் புல்ட் இன்டு தி ஸ்டேஷன்.' புதிதாகக் கற்பவர்கள் தடுமாறுவது இங்கேதான்; 'புல்ட் இன் தி ஸ்டேஷன்' என்று எழுதிவிடுகிறார்கள். நேரத்தை மட்டும் சொன்னால் 'இன்' அப்படியே இருக்கும்: 'தி பஸ் புல்ட் இன் அட் சிக்ஸ்.'

படி 3: காலத்தை மாற்றிப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 'தி ட்ரெயின் இஸ் புல்லிங் இன்' என்றால் ரயில் இன்னும் நகர்கிறது. பையைத் தோளில் மாட்டிக்கொள்ளலாம், ஏறக் கூடாது. 'தி ட்ரெயின் ஹேஸ் புல்ட் இன்' என்றால் நின்றாயிற்று, ஏறலாம்.

படி 4: கார் என்றால் 'புல் இன்' சாலையோரம் ஒதுங்கி நிற்பதையும் குறிக்கும். அதற்கு 'புல் ஓவர்' என்றும் சொல்வார்கள். போலீஸ் வண்டியை ஓரம் கட்டச் சொல்வது பெரும்பாலும் இந்தச் சொல்லால்தான். வீட்டு வாசலிலோ சிக்னலிலோ வந்து நின்றால் 'புல் அப்': 'எ டாக்ஸி புல்ட் அப் அவுட்சைட் தி ஹவுஸ்.' கடிவாளத்தை இழுத்துக் குதிரையை நிறுத்திய காலத்து வழக்கு அது. கிளம்பினால் 'புல் அவுட்'. விமானம் தரையிறங்குவதற்கு இவை எதுவும் பொருந்தாது, அதற்கு 'லேண்ட்'.

சரி, இப்போது பயிற்சி. அடுத்த முறை ஸ்டேஷனில் நிற்கும்போது, ரயில் தலை தெரிந்ததும் 'இஸ் புல்லிங் இன்' என்று மனதுக்குள் சொல்லத் தொடங்குங்கள். சக்கரம் நின்றதும் 'ஹேஸ் புல்ட் இன்' என்று மாற்றுங்கள்.