கயிற்றில் ஏறிக் கதை சொல்பவர்கள் சறுக்கும் இடங்கள்

முதலில் என் சொந்தச் சறுக்கலைச் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்தவள் நான். அம்மா முப்பது வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். மேலிருந்து தொங்கும் செங்குத்துக் கயிற்றில் சர்க்கஸ் வித்தையாக நான் தனியாகச் செய்த முதல் நிகழ்ச்சியே அவரைப் பற்றியதுதான். கயிற்றை இடுப்பில் சுற்றிப் பூட்டிக்கொண்டு, முதுகை வில்லாக வளைத்து, இரண்டு விரலால் கிள்ளிக் கிள்ளித் தோளுக்குப் பின்னால் போடுவேன். பின்னணியில் வயலின் அழும். பார்த்தவர்களில் சிலரும் அழுதார்கள். அம்மா அழவில்லை. வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே, "ஏன் பாப்பா, நாங்க அப்படியா குனிஞ்சு நிப்போம்? செடியை இடுப்பு உயரத்துக்குத்தானே கவாத்து பண்ணி விட்டிருக்கு. அதுவும் இப்ப யாரு கையால கிள்ளுறா, எல்லாம் கத்தரிதான்" என்றார்.

அவருக்கு வலிக்கிற இடமும் முதுகு இல்லையாம், மணிக்கட்டாம். தினமும் தைலம் தேய்த்துவிடுகிற மகளுக்கே அது மேடையில் ஞாபகம் வரவில்லை. டீத்தூள் பாக்கெட்டில் அச்சடித்திருக்கும் பெண்ணை ஆடிவிட்டு, அம்மாவை ஆடியதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது குன்னூரில், முன்பு தேயிலை வாட்டப் பயன்பட்ட ஒரு கூடத்தில், வார இறுதியில் நாங்கள் சிலர் சேர்ந்து பழகுகிறோம், புதிதாக வருபவர்களுக்கும் சொல்லித்தருகிறோம். கயிறு, ட்ரபீஸ் என்கிற தொங்கும் குறுக்குக் கம்பு, வளையம், ஏறி வித்தை செய்ய ஒரு மல்லர் கம்பம். வருகிறவர்களில் பாதிப்பேர் "என் கதையை உடம்பால் சொல்லணும்" என்றுதான் வருகிறார்கள். எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெரிய தவறு, மொத்த வாழ்க்கையையும் எட்டு நிமிடத்தில் திணிப்பது. ஒரு பையன் வந்தான். அவன் பாட்டி இலங்கை மலையகத்தில் பிறந்தவர், மலையகத் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு நாடுகளும் போட்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, அங்கிருந்து நீலகிரிக்கு அனுப்பப்பட்டவர். இப்படி வந்தவர்களுக்காகத்தான் அரசே இங்கே தேயிலைத் தோட்டம் போட்டது. அவன் இதையெல்லாம் செய்து காட்டப் பார்த்தான். கடல் என்றால் கையை அலையாக ஆட்டுவது, ரயில் என்றால் ஓடுவது, தோட்டம் என்றால் மறுபடி அந்தக் கிள்ளல். அவனுக்கே மூச்சு வாங்கியது, பார்த்த எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

சரி, பாட்டி எப்படிப் படுப்பார், எப்படி உட்காருவார், அதைச் சொல் என்று கேட்டோம். யோசித்துவிட்டு, "டிரங்குப் பெட்டி மேல ஒரு கையை வெச்சுக்கிட்டுத்தான் தூங்கும், கடைசிவரைக்கும்" என்றான். அதோடு கதை கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து அவனுக்கு ஒரே விதி: எந்த வித்தை செய்தாலும் ஒரு கை பெட்டியை விட்டு அகலக்கூடாது. ஒற்றைக் கையில் தலைகீழாக நிற்பது, உருள்வது, பெட்டியை இழுத்துக்கொண்டே குட்டிக்கரணம், எல்லாம் அந்தப் பெட்டியைச் சுற்றியே. ஒப்பந்தமும் கப்பலும் அதில் எங்கேயும் வராது. ஆனால் முடிவில் ஒரு கணம் கை பெட்டியிலிருந்து நழுவும்போது கூடத்தில் இருந்தவர்கள் 'ஐயோ' என்றார்கள், ஏனென்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. ஆகவே சம்பவங்களைப் பட்டியல் போடாதீர்கள், உடம்பில் தங்கிவிட்ட ஒரு பழக்கத்தைத் தேடுங்கள். அந்தப் பழக்கத்தை விதியாக வைத்துக்கொண்டால் வித்தை தானாக மாறும்.

இதற்கு ஒட்டியே இன்னொன்று: ஏறினால் முன்னேற்றம், விழுந்தால் துக்கம், கயிறு சுற்றிக்கொண்டால் சமூகத்தின் கட்டுப்பாடு. தயவுசெய்து வேண்டாம். கயிற்றில் ஏறுகிற எல்லோரும் எப்படியும் இறங்கித்தான் ஆகவேண்டும், அது கதை ஆகாது. இருக்கிற வித்தையை வரிசையாகச் செய்துவிட்டு, மேலே சோகமான பாட்டும் கசங்கிய சட்டையும் போட்டு 'இது என் வாழ்க்கை' என்பவர்களிடம் நான் ஒரு கேள்விதான் கேட்பேன்: இதே நிகழ்ச்சியைப் பக்கத்தில் நிற்கிற ஆளிடம் கொடுத்தால் அவரும் செய்துவிட முடியுமா? முடியும் என்றால் அதில் உங்களுடையது என்று எதுவும் இல்லை.

அப்புறம் இந்த ஒலிப்பதிவு. "எனக்கு ஏழு வயது. அப்பா கதவைச் சாத்தினார்" என்று ஸ்பீக்கர் சொல்லும், மேலே இருப்பவர் கதவைச் சாத்துவதுபோல் கையை வீசுவார். ஒன்றையே இரண்டு முறை சொல்வதில் இரண்டுமே செத்துப்போகிறது. பேச்சே கூடாது என்று நான் சொல்லவில்லை, குரல் ஒன்றைச் சொல்லும்போது உடம்பு அதை மறுக்கட்டும், அல்லது அது சொல்லாததைச் செய்யட்டும். பார்ப்பவர்களை நம்பாதவர்கள்தான் இப்படி விளக்கிக்கொண்டே இருப்பார்கள். குறுந்தொகையின் ஏழாம் பாட்டை எடுத்துப் பாருங்கள். வழியில் எதிர்ப்படுகிற யாரோ ஒருவர் இரண்டு பேரின் கால்களைப் பார்க்கிறார். அவன் காலில் வீரக்கழல், அவள் காலில் இன்னும் சிலம்பு. திருமணத்துக்கு முன் சிலம்பைக் கழற்றும் சடங்கு நடக்கவில்லை, ஆக இருவரும் ஊரைவிட்டுக் கிளம்பி வந்திருக்கிறார்கள், அந்த அளவு போதும். அதே பாட்டில்தான், காற்றில் வாகை நெற்று சலசலப்பதற்கு ஆரியக் கூத்தர் கயிற்றில் ஆடும்போது அடிக்கிற பறை உவமையாக வருகிறது. கயிற்றாட்டமும் காலை வைத்துக் கதை படிக்கிற கண்ணும் நமக்கு அவ்வளவு பழசு, இதெல்லாம் ஏதோ பிரான்சிலிருந்து இறங்கிய சரக்கு என்று கூசவேண்டியதில்லை.

பிரான்சைச் சொன்னதால் அதையும் முடித்துவிடுகிறேன். சர்க்கஸ் வித்தை பெரும்பாலும் குடும்பத்துக்குள்ளேயே கைமாறிக்கொண்டிருந்தது. 1974இல் பாரிஸில் வெளியாட்களுக்கும் கதவு திறந்த பள்ளிகள் வந்தன, கோமாளிக் குடும்பத்தில் வந்த அன்னி ஃப்ராடெலினி தொடங்கியது அவற்றில் ஒன்று. 1985இல் ஷாலோன் நகரத்தில் சர்க்கஸ் கலைக்கென்று அரசின் தேசிய மையமே வந்துவிட்டது. கூடாரத்தில் பிறக்காதவர்கள் உள்ளே வந்ததும், 'நான் ஏன் இங்கே தொங்குகிறேன்' என்ற கேள்வியும் கூடவே வந்தது. சொந்தக் கதை சொல்லும் சர்க்கஸுக்கு அதுவும் ஒரு வேர். இதைத் தெரிந்துகொண்டு சிலர் பழைய சர்க்கஸை ஏளனமாகப் பேசுகிறார்கள், அது எனக்குப் பிடிக்காது. கூடலூரிலிருந்து வயநாடு தாண்டி மலை இறங்கினால் தலச்சேரி. அங்கே கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901இலேயே சர்க்கஸ் பயிற்சிக்கூடம் வைத்திருந்தார். அந்த வழியில் வந்த கலைஞர்களின் கைத்தழும்புகளைப் பார்த்தவர்கள் அவர்களிடம் கதை இல்லை என்று சொல்லமாட்டார்கள்.

பழைய சர்க்கஸிலிருந்து ஒன்றை மட்டும் விட்டுவிடலாம், அந்த ஒட்டவைத்த சிரிப்பு. கஷ்டத்தை மறைக்க அது அவர்களுக்குத் தேவைப்பட்டது. உங்கள் கதையில் மூச்சு வாங்கினால் வாங்கட்டும், கை நடுங்குவதும் தெரியட்டும். ஆனால் இதையே நடிக்க ஆரம்பிப்பவர்களும் உண்டு, சுலபமான ஏற்றத்தைச் செத்துப் பிழைத்ததுபோல் ஏறுவார்கள். முன்வரிசையில் உட்காரும் பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடும்.

ஆறாத காயத்தை மேலே கொண்டுபோவதுதான் நான் உண்மையிலேயே பயப்படுகிற தவறு. அண்ணனை இழந்து நாலே மாதம் ஆன ஒரு பெண், அவன் கதையைத்தான் செய்வேன் என்று நின்றாள். பயிற்சியில் நடுக்கயிற்றில் அழுகை வந்துவிட்டது. காலில் மூன்று சுற்றுப் பூட்டு, அவிழ்க்கிற வரிசை மறந்துவிட்டது. கயிற்றில் தப்பான சுற்றை முதலில் அவிழ்த்தால் தலைகீழாகத்தான் வருவோம். ஒருவர் ஏறிப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கீழிருந்து ஒவ்வொரு சுற்றாகச் சொல்லிச் சொல்லி இறக்கினார். அதற்குப் பிறகு எங்கள் கூடத்தில் ஒரு சோதனை வைத்திருக்கிறோம்: அந்தச் சம்பவத்தை டீ போட்டுக்கொண்டே, பால் பொங்காமல், ஒருவருக்குச் சொல்லி முடிக்க முடிகிறதா? முடியாவிட்டால் தரையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், கயிறு எங்கேயும் போய்விடாது.

மலைக்காரர்களுக்கு மட்டுமான ஒரு தவறும் உண்டு. கதை சொல்பவர்களுக்கு அசையாமல் தொடங்குவதில் ஒரு மோகம். இருட்டு, ஒரு விளக்கு, ஐந்து நிமிடம் சிலைபோல் உட்கார்ந்திருப்பது, பிறகு திடீரென்று பெரிய வீழ்ச்சி. சென்னையில் சரி. 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில், உறைபனி விழுகிற ஜனவரி ராத்திரியில், அந்த ஐந்து நிமிடத்தில் தசை மறுபடி இறுகிவிடும், விரல் மரத்துவிடும், பஞ்சுக் கயிறு வேறு மூடுபனியில் ஈரம் குடித்து விறைத்திருக்கும். என் தோள்பட்டை ஒருமுறை போனது இப்படித்தான். சிலைக்காட்சி வேண்டுமென்றால் நடுவில் வையுங்கள், உடம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது. தவிர, வீட்டு உத்தரத்தில் கயிற்றைக் கட்டிப் பழகாதீர்கள். விழுந்து நிற்கிற அந்தக் கணத்தில் உங்கள் எடையின் பல மடங்கு இழுப்பு மேலே போகும், ஓட்டு வீட்டு மரம் அதற்குச் செய்ததில்லை.

அடுத்தவர் கதை பற்றி இரண்டு வரி. நீலகிரி என்றவுடன் தோடர் சால்வையைப் போர்த்திக்கொண்டு, படுகர் ஆட்டத்தில் நாலு அடியை எடுத்துப்போட்டு 'என் மண்' என்பவர்களைப் பார்த்துவிட்டேன். நீங்கள் தோடரோ படுகரோ இல்லையென்றால் அது அலங்காரம்தான். வீட்டு ஆட்களின் கதை என்றாலும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், ஒத்திகைக்கும் கூப்பிடுங்கள்.

நான் அப்படித்தான் அந்த நிகழ்ச்சியைத் திரும்பச் செய்தேன். வயலின் போயிற்று. கத்தரியின் சத்தம் மட்டும், அம்மா வேலை செய்யும் வேகத்திலேயே. அந்தத் தாளத்துக்கு மணிக்கட்டை மட்டும் திருப்பித் திருப்பிக் கயிற்றில் ஏறுவேன், கிட்டத்தட்ட ஆறு நிமிடம், முதுகு நேராக. இரண்டாவது நிமிடத்திலேயே மணிக்கட்டு எரிய ஆரம்பித்துவிடும், அதை நடிக்க வேண்டியதே இல்லை.

அம்மா ஒத்திகையில் ஸ்வெட்டரைப் போர்த்தி உட்கார்ந்து முழுசாகப் பார்த்தார். "சத்தம் சரியா இருக்கு. படங்கு எங்க? படங்கு கட்டாம எந்தப் பொம்பள மலைக்குப் போவா?" என்றார். கொழுந்தெடுக்கிற பெண்கள் சேலைமேல் சுற்றிக் கட்டிக்கொள்கிற விரிப்புதான் படங்கு. இடுப்பில் அதைக் கட்டினால் கயிறு பிடிமானம் இல்லாமல் வழுக்குகிறது. பிளாஸ்டிக் படங்கை விட்டுவிட்டுப் பழைய சாக்கில் ஒன்று தைத்திருக்கிறேன், அடுத்த சனிக்கிழமை கட்டிப் பார்க்கவேண்டும்.