சுயமதிப்பு, ஆளுமை வினாப்பட்டியல்கள்: கணக்கு சரியாக வந்தும் முடிவு தப்பாவது எப்படி?

மாரிஸ் ரோசன்பெர்க் 1965-இல் வெளியிட்ட சுயமதிப்பு அளவுகோலில் மொத்தமே பத்து வாக்கியங்கள்தான். இரண்டு மூன்று நிமிடத்தில் நிரப்பிவிடலாம். ஆய்வு மாணவர்கள் அதை விரும்பி எடுப்பதற்கும், எடுத்தபின் அலட்சியமாகக் கையாள்வதற்கும் காரணம் இதுதான்.

பத்தில் ஐந்து நேர் வாக்கியங்கள், தன்னிடம் நல்ல குணங்கள் இருப்பதாகச் சொல்பவை. மீதி ஐந்து எதிர்மறை, தான் எதற்கும் உதவாத ஆள் என்ற தொனியில் வருபவை. எதிர்மறை வாக்கியங்களின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்ட பிறகுதான் கூட்ட வேண்டும். 1 முதல் 4 வரை கொடுத்திருந்தால் 5-இலிருந்து கழியுங்கள். 0 முதல் 3 வரை என்றால் 3-இலிருந்து.

இதை விட்டுவிட்டால் என்ன ஆகும்? தன்னை மிக உயர்வாக நினைப்பவருக்கு நேர் வாக்கியங்களில் 20, எதிர்மறையில் 5, மொத்தம் 25. தன்னை அறவே மதிக்காதவருக்கு முதலில் 5, அடுத்ததில் 20. அவருக்கும் 25! வாக்கியங்களைப் படிக்காமலே எல்லாவற்றுக்கும் 'முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்' என்று டிக் அடித்தவரோ 40 வாங்கி முதலிடத்தில் நிற்பார். எக்செல் எந்த எச்சரிக்கையும் தராது. ஆல்ஃபா (வாக்கியங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) மிகக் குறைவாகவோ மைனஸிலோ வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். திருப்பிய மதிப்பெண்ணைத் தனி நெடுவரிசையில் வையுங்கள். பழையதன் மேலேயே எழுதினால், திருப்பியாயிற்றா இல்லையா என்று தெரியாமல் இரண்டாம் முறையும் திருப்புவீர்கள்.

இன்னொரு குழப்பம் மொத்த மதிப்பெண்ணின் வீச்சில். ஒரு ஆய்வில் 0–30, இன்னொன்றில் 10–40. '15-க்குக் கீழ் என்றால் குறைந்த சுயமதிப்பு' என்று பரவலாகச் சொல்லப்படும் கணக்கு முதல் வீச்சுக்கானது. அதை அப்படியே 10–40-க்குப் போட்டால் கிட்டத்தட்ட யாருமே சிக்க மாட்டார்கள். பதில் எழுதாமல் விட்ட இடத்தைப் பூஜ்யமாகக் கூட்டுவதும் இதே ரகத் தவறு.

சரி, ஆளுமைக்கு வருவோம். மையர்ஸ்-பிரிக்ஸ் போன்ற கருவிகள் ஆளை 16 வகைகளில் ஒன்றில் போடும். ஆனால் மதிப்பெண்கள் இரண்டு குவியல்களாகப் பிரிந்து நிற்பதில்லை. பெரும்பாலோர் நடுவில்தான் இருப்பார்கள். நூற்றுக்கு 49 வாங்கியவர் உள்முகி, 51 வாங்கியவர் வெளிமுகி. 51-ம் 95-ம் மட்டும் ஒரே வகையாம்! சில வாரம் கழித்துக் கேட்டால் கோட்டருகே இருந்தவர்கள் வகை மாறிவிடுவதில் வியப்பே இல்லை.

கருவி தொடர் மதிப்பெண்ணே கொடுத்தாலும், சராசரியில் வெட்டி 'உயர்', 'தாழ்' என்று இரண்டு குழுவாக்கி, இரு குழுச் சராசரிகளை ஒப்பிடும் டி-டெஸ்ட் போடும் பழக்கம் இன்னும் போகவில்லை. இயல்நிலைப் பரவலில் ஒரு மாறியை நடுவில் வெட்டினால் 0.50 ஆக இருந்த உடன்தொடர்பு (இரண்டு மாறிகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்ற எண்) சுமார் 0.40 ஆகச் சுருங்கும். பாடுபட்டுச் சேகரித்த தகவலை நாமே கொட்டிவிடுகிறோம். என்னைக் கேட்டால், வகைப்பாட்டைப் பற்றியே ஆராய்பவரைத் தவிர மற்றவர்கள் ஆளுமையை ஐந்து பண்புகளாக அளக்கும் ஐங்காரணி அளவுகோல்களில் ஒன்றை எடுத்து, மதிப்பெண்ணை மதிப்பெண்ணாகவே வைத்துக்கொள்வது நல்லது. அதிலும் பத்து வாக்கியக் குறும்படிவத்தில் ஒரு பண்புக்கு இரண்டே வாக்கியங்கள். ஆல்ஃபா குறைவாக வருவது சகஜம். நேரம் இருந்தால் நீண்ட படிவமே மேல்.

ஒரு மணி நேரப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் ரோசன்பெர்க்கைக் கொடுத்துவிட்டு 'மாற்றமில்லை' என்று எழுதுபவர்களும் உண்டு. அது அளப்பது நீடித்த சுயமதிப்பை. அந்தந்த நேரத்து ஏற்ற இறக்கம் வேண்டுமென்றால் ஹெதர்டன், போலிவி இருவரும் 1991-இல் வெளியிட்ட 20 வாக்கிய அளவுகோல் இருக்கிறது.

அப்புறம், ஐங்காரணியில் ஒன்றான மனப்பதற்றப் பண்புக்கும் சுயமதிப்புக்கும் வலுவான எதிர் உடன்தொடர்பு வந்தால் உடனே காரணம்–விளைவு பேசாதீர்கள். இரண்டு வினாப்பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள்: தன்னைப் பற்றிய அதே மனக்குறையை இரண்டுமே வேறு வேறு வார்த்தைகளில் கேட்டிருக்கக்கூடும்.